வெள்ளைக் கல்லும் ஊற்று நீரும்

காட்டுக் குளத்தின் கரையில் ஒரு மருதமரம் நீர்மேல் சாய்ந்து நின்றது. அதன் தாழ்ந்த கிளையில் ஒரு மீன்கொத்தி வெகுகாலமாகக் குடியிருந்தது. இப்போதெல்லாம் அது எத்தனை முறை பாய்ந்தாலும் வெறும் அலகோடுதான் திரும்பியது.

"உமக்குக் கண்ணு போச்சு ஓய். கிளையைக் காலி பண்ணும்" என்றது காட்டுப்பன்றி.

அது அந்தக் குளத்துக் கட்டுப்பாடு. கண் மங்கிய பறவை கிளையை இளசுகளுக்கு விட்டுவிட்டுப் போய்விட வேண்டும்.

"என் கண்ணுக்கு ஒண்ணுமில்லே. குளம்தான் கலங்கிக் கிடக்கு."

"தினமும் விழுந்து எழுந்திரிக்கிற எனக்குத் தெரியாதா? குளம் எப்பவும் போலத்தான் இருக்கு."

விழுந்து எழுவதுதான் வினை. தண்ணீர் வரும் வாய்க்காலடியில் கோரையை எல்லாம் கிழங்குக்காகத் தோண்டித் தின்றுவிட்டு, அங்கேயே புரண்டுகொண்டிருந்தது பன்றி. குளம் கொஞ்சம் கொஞ்சமாகக் கலங்கியதால் யாருக்கும் உறைக்கவில்லை.

மீன்கொத்திக்கு மட்டும் உறைத்தது. முன்பெல்லாம் குளத்தின் அடியில் முட்டைபோல ஒரு வெள்ளைக் கல் தெரியும். "நாம தொலைச்ச முட்டை அது" என்று அதன் பெட்டை கேலி பேசும். பெட்டை போய்ச் சேர்ந்துவிட்டது. கல்லும் கண்ணில் படாமல் போன பிறகு, மீன்கொத்திக்குத் தன் கண்மேலேயே சந்தேகம் வந்திருந்தது. ஆனாலும் அந்தக் கிளையை விட மனம் வரவில்லை.

"வீண் சண்டை எதுக்கு? சோதிச்சுப் பார்த்திடலாம்" என்றது குரங்கு. காட்டுக்கு வந்த மனிதர்கள் போட்டுவிட்டுப் போன இரண்டு கண்ணாடிப் பாட்டில்கள் அதனிடம் இருந்தன. ஒன்றில் குளத்து நீரை எடுக்க வேண்டும். மற்றதில் துளி தூசில்லாத ஊற்று நீர். இரண்டையும் வெயிலில் பிடித்தால் உண்மை தெரிந்துவிடும்.

குரங்குக்கு எதிலும் அவசரம். இரண்டு பாட்டில்களையும் குளத்திலேயே அலசியது. வறண்ட ஓடையின் மணலில் குழி பறித்தது. ஊறி வந்த முதல் நீரை அப்படியே ஒன்றில் மொண்டு வந்து, குளத்து நீர் நிரப்பிய மற்றதோடு வெயிலில் பிடித்தது.

இரண்டும் ஒன்றுபோலவே இருந்தன.

"சுத்தமான தண்ணியும் இப்படித்தான் இருக்கு. கோளாறு உன் கண்ணுலதான்" என்று குரங்கு தீர்ப்புச் சொன்னது. பன்றி மூக்கை உறிஞ்சிச் சிரித்தது.

மீன்கொத்தி கிளையிடம் விடைபெற்றுக்கொண்டு, ஓடைமேல் மெல்லப் பறந்தது. போகும் வழியில் குரங்கு தோண்டிய குழி தெரிந்தது. அதைப் பார்த்ததும் பழைய கோடைகள் நினைவுக்கு வந்தன. அப்போது இதே மணலில் யானைகள் ஊற்றுத் தோண்டும். தாய் யானை முதலில் ஊறிய நீரை உறிஞ்சி வெளியே பீச்சிவிடும். மறுபடி ஊறியதையும் பீச்சிவிடும். அதன் பிறகுதான் குட்டியைக் குடிக்க விடும். "என் இறகெல்லாம் சேறு" என்று பெட்டை திட்டும். என்ன அருமையான நாட்கள் அவை!

மீன்கொத்தி சட்டென்று திரும்பியது.

"குரங்கண்ணே, நீங்க மொண்டது கலங்கல் தண்ணி. ஊற்றை இறைச்சு ஊத்திட்டு, இன்னொரு தடவை பாருங்க."

"தோத்தவன் கேட்கிறதுதானே அது" என்றது பன்றி. குரங்குக்கோ லேசாக உறுத்தல். அது ஊற்றை இறைத்துக் கொட்டியது. ஊறியதும் மறுபடி கொட்டியது. மணல் அடங்கித் தெளியும் வரை காத்திருந்தது. அந்த நீராலேயே பாட்டிலைக் குலுக்கிக் குலுக்கிக் கழுவியது. பிறகு மணல் கிளம்பாமல் மெதுவாக மொண்டு, தூசு விழாமல் இலையால் மூடி எடுத்து வந்தது.

மீன்கொத்தி கண்களை இறுக மூடிக்கொண்டது. இந்த நீரும் கலங்கலாகத் தெரிந்தால்? "பன்றியாரே, நீங்களே பாருங்க" என்றது.

ஒரு பாட்டிலில் தண்ணீர் இருப்பதே தெரியவில்லை. மற்றதில் வெயில் பட்டுத் தூசு மினுமினுத்தது.

பன்றி தெளிந்த நீரையே உற்றுப் பார்த்தது. "நான் குட்டியா இருந்தப்போ நம்ம குளம் இப்படித்தானே இருந்துச்சு" என்றது கடைசியில். "அதுல என் மூஞ்சியப் பாத்து நானே பயந்து ஓடியிருக்கேன். எப்படி மறந்தேன்னு தெரியலையே."

அன்றே பன்றி தன் புரளலைக் குளத்துக்குக் கீழே உள்ள பள்ளத்துக்கு மாற்றிக்கொண்டது. மழை பெய்தது. வாய்க்காலில் கோரை மறுபடி தழைத்து, வரும் மண்ணைப் பிடித்து நிறுத்தியது.

ஒரு காலையில் குளத்தின் அடியில் வெள்ளையாக ஏதோ தெரிந்தது. கொழுத்த மீன் ஒன்று அதைக் கடந்து போனது. மீன்கொத்தி பாயவில்லை. "நம்ம முட்டை அங்கேயேதான் இருக்கு" என்று பக்கத்தில் காலியாக இருந்த இடத்தைப் பார்த்துச் சொன்னது.

ஒப்பிட்டுத் தீர்ப்புச் சொல்லப் புறப்படுகிறவர், எதனோடு ஒப்பிடுகிறாரோ அதை முதலில் மாசில்லாமல் வைத்துக்கொள்ள வேண்டும்.