தொட்டித் தரையில் சுல்தான் பெயர்

முன்னொரு காலத்தில், யார் ஆண்டாலும் தண்ணீருக்கு மேகத்தையே அண்ணாந்து பார்க்க வேண்டிய ஒரு மலைக்கோட்டை இருந்தது. ஒரு சுல்தான் வம்சம் போகும், இன்னொன்று வரும். வருகிறவர் முதல் வேலையாக வாசற்கல்லில் இருக்கும் பழைய பெயரைச் சுரண்டிவிட்டுத் தம் பெயரை வெட்டச் சொல்வார். பள்ளிவாசலில் வெள்ளிக்கிழமைப் பிரசங்கத்தில் சொல்லும் சுல்தான் பெயரும் மாறிவிடும். சுரண்டிச் சுரண்டி அந்தக் கல்லே குழிவிழுந்து கிடந்தது.

சுல்தான் ரஷீதுதீனும் அப்படியே செய்தார். செய்தபின் நிம்மதி போய்விட்டது. நாளை வருகிறவன் தம் பெயரையும் சுரண்டிவிடுவானே. யாரும் அழிக்கத் துணியாத இடத்தில் என் பெயர் இருக்க வேண்டும் என்று சபையில் அடம்பிடித்தார்.

சபையைச் சிரிக்கவைக்கும் மஸ்தானைக் கண்டாலே அமைச்சரான வசீர் ஜுனைதுக்கு வயிறு எரியும். இந்த வேலைக்கு மஸ்தானை விட்டால் ஆளில்லை, மழைக்காலம் வருவதற்குள் முடிக்காவிட்டால் மலையிலிருந்து உருட்டிவிடலாம் என்று தேன் ஒழுகச் சொன்னார். சுல்தானும் தலையாட்டிவிட்டார்.

மஸ்தான் இடம் தேடிக் கிளம்பினார். கொத்தளம், மினார், பள்ளிவாசல் என்று கோட்டை முழுக்கச் சுற்றினார். உளி பொறித்ததை உளி அழிக்காதா என்று நினைக்க நினைக்க நாக்கு உலர்ந்தது. தண்ணீர் குடிக்க மழைநீர்த் தொட்டியில் இறங்கினார். கோட்டைக்கு அது ஒன்றுதான் தண்ணீர். கோடையில் அதுவும் ஒரு மூலைக்கு ஒதுங்கி, சுண்ணச்சாந்துத் தரை வெடிப்போடு தெரிந்தது. குனிந்து பார்த்தவர் வெகுநேரம் நிமிரவில்லை. பிறகு போய்க் கொத்தரை அழைத்து, கடுக்காய் நீர் விட்டுச் சுண்ணாம்பு அரைக்கச் சொன்னார்.

மேகம் திரண்ட ஒரு காலையில் சுல்தானையும் வசீரையும் தொட்டிக்குள் அழைத்துவந்தார். வெடிப்பை அடைத்த புதுச் சாந்தில் சுல்தானின் பெயர் பதிந்திருந்தது.

வசீர் சிரித்துவிட்டார். இதை அழிக்க ஓர் அடி போதுமே என்று அங்கே கிடந்த கடப்பாரையை எடுத்து ஓங்கினார்.

மஸ்தான் விலகி நின்றார். "தாராளமாக அடியுங்கள், வசீர் அவர்களே. அந்தச் சாந்து பெயர்ந்தால் இந்த வருஷத்து மழை முழுவதும் வெடிப்பு வழியே மலையடிவாரத்துக்குப் போய்விடும்."

சுல்தான் பாய்ந்து கடப்பாரையைப் பிடுங்கினார். அப்போதுதான் தரையில் வேறு சில ஒட்டுகளும் அவர் கண்ணில் பட்டன. ஒவ்வொன்றிலும் ஒரு பெயர். வாசலில் தாமே சுரண்டவைத்த பெயரும், அதற்கு முந்திய வம்சத்தாரின் பெயர்களும்.

"இவையெல்லாம் இங்கேயா இருந்தன?" என்றார் மெல்ல.

"ஆமாம், ஹுஜூர். வெடிப்பை அடைத்தவர்களின் பெயர் மட்டும் இருக்கிறது. இத்தனை நாளும் இவர்கள் காத்த தண்ணீரைத்தான் நாம் குடித்தோம்."

சுல்தான் குனிந்து அந்தப் பெயர்களைத் தடவிப் பார்த்தார். மனம் கனத்துத்தான் போயிற்று. பகைவர் பெயரையாவது அழித்துவிடலாமே என்று வசீர் முணுமுணுத்ததும், சுல்தானுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "குடிக்க என்ன செய்வீர், ஜுனைத்?" என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தார். தம் சால்வையைக் கழற்றி மஸ்தானுக்குப் போர்த்தினார். மிச்சமிருந்த வெடிப்புகளை அடைக்கும் வேலையை வசீரிடம் ஒப்படைத்தார், பெயர் போடாமல். அன்று மாலையே மழை பிடித்துக்கொண்டது.

காலம் போயிற்று. வேறொரு வம்சம் மலையேறி வந்தது. புதிய சுல்தான் வாசலில் நின்று ரஷீதுதீனின் பெயரைச் சுரண்டவைத்தார். வேலை முடிந்ததும் களைத்து உட்கார்ந்து, குடிக்கத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார்.