துண்டுக்கு அடியில் ஒரு விரல்

செங்கோடன் மடத்துப் பக்கம் வந்து வெகு காலமாகிவிட்டது. அவன் இப்போது மன்னரின் சந்தை அதிகாரி. நாட்டில் எந்த மாடு என்ன விலைக்குக் கைமாறலாம் என்று தீர்மானிக்கிறவன். அப்படிப்பட்டவனுக்கு ஓய்வு ஏது? அன்றைக்கு மட்டும் பல்லக்கை ஆற்றங்கரையிலேயே நிறுத்திவிட்டு, சிறுவயதில் வந்த அதே வரப்பு வழியாக நடந்து வந்தான்.

அவனுடைய குரு மருதவாண அடிகள் கிணற்றடியில் துண்டு அலசிக்கொண்டிருந்தார்.

“வா செங்கோடா. இளைச்சுட்டியே.”

“தூக்கம் இல்லீங்க சாமி. நம்ம நொச்சித்துறைச் சந்தை செத்துப்போச்சுங்க.”

“தெரியும். சலங்கைச் சத்தமே காணோம்.”

ஒரு காலத்தில் அந்தச் சத்தம் இந்தக் கிணற்றடி வரைக்கும் கேட்கும். சந்தைக்கு முதல் நாளே வண்டிகள் வந்துவிடும். ஆற்றில் மாடுகளைக் குளிப்பாட்டுவார்கள். கொம்புக்கு எண்ணெய் தடவுவார்கள். புளியமர நிழலெல்லாம் மாடும் மனிதருமாக இருக்கும். கயிறு விற்கிறவன் கத்துவான், பணியாரச் சட்டி புகையும், கிடாரிக் கன்று ஒன்று எங்காவது அவிழ்த்துக்கொண்டு ஓடும். இந்த அமர்க்களத்துக்கு நடுவே விலை பேசுகிற இரண்டு பேர் மட்டும் வாயே திறக்காமல் நிற்பார்கள். இருவர் கையும் ஒரு துண்டுக்கு அடியில் இருக்கும். விரலைத் தொட்டும் நீட்டியும் மடக்கியும்தான் பேச்சு. பக்கத்தில் நிற்பவனுக்கு முகம் தெரியும், விலை தெரியாது.

“அந்த நாளில் நீ பாடத்தில் கவனமா இருந்ததே இல்லை,” என்றார் அடிகள். “உடம்பு இங்கே இருக்கும், காது சந்தையில் இருக்கும்.”

செங்கோடன் சிரிக்கப் பார்த்தான். வரவில்லை.

“நல்லதுக்குத்தானே சாமி செஞ்சேன்?”

“என்ன செஞ்சே, முதல்லேருந்து சொல்லு.”

அவன் சொன்னான். பதவிக்கு வந்ததும் துண்டைத் தடை செய்தான். மாட்டின் பல்லைப் பார்த்து வயதைக் கணித்து, இன்ன பல்லுக்கு இன்ன விலை என்று பலகை எழுதி நட்டான். பல் பார்க்க ஆள் வேண்டுமே, வைத்தான். பல் பார்க்கிறவன் லஞ்சத்துக்குக் கை நீட்டினான், அவனைப் பார்க்க ஓர் ஆளை வைத்தான். இவர்கள் எல்லோரும் உட்காரச் சாவடி வேண்டும், புளியமரங்களை வெட்டிக் கட்டினான். சம்பளத்துக்கு மூக்கணாங்கயிற்றின் மேல் வரி போட்டான். ஒரு வருஷம் ஓடவில்லை, மாட்டுக்காரர்கள் ஆற்றைக் கடந்து அக்கரைச் சீமைக்குப் போய்விட்டார்கள். சாவடி மட்டும் ஜம்மென்று நிற்கிறது.

“இப்போ?”

“துறையில் காவல் போடப் போறேன். சீட்டு இல்லாமல் மாடு ஆற்றைத் தாண்டக் கூடாது. நாளைக்கு முரசறையணும். சாமி ஒரு வார்த்தை சொன்னா சனம் கேட்கும்.”

“காவலனைப் பார்த்துக்க யாரை வைப்பே?”

செங்கோடன் பேச்சை மாற்றினான். அவன் மனதில் வேறு ஒன்று அரித்துக்கொண்டிருந்தது.

“நேத்து துறையில் ஒரு பெரியவரைப் பிடிச்சோமுங்க. துண்டு போட்டுப் பேசிக்கிட்டிருந்தார். என் சேவகன் துண்டை உருவிட்டான். விசாரிச்சா, பலகை விலையில் பாதிக்கு மாட்டைக் கொடுக்க இருந்திருக்கார். ஏன்னு கேட்டா வாயைத் திறக்க மாட்டேங்கிறார். அவரையும் மாட்டையும் சாவடியில் கட்டி வெச்சிருக்கு. சாயங்காலம் அரண்மனையே பலகை விலை கொடுத்து மாட்டை எடுத்துக்கும். வாங்க வந்த எத்தனுக்குக் கசையடி.”

“பெரியவருக்கு லாபம்தானே?”

“லாபம்தான். ஆனா அழறார் சாமி. எங்கப்பா அழுத மாதிரியே அழறார்.”

அவன் கிணற்று மேட்டைப் பார்த்தபடி தொடர்ந்தான்.

“எங்க மயிலைக் காளையை அப்பா இந்தச் சந்தையில்தானே வித்தார். அது மாதிரி மாடு இந்தச் சீமையிலேயே கிடையாது. என்னைச் சலங்கை பார்த்துட்டு வரச் சொல்லி அனுப்பினார். திரும்பி வந்தா கயிறு கைமாறிப் போச்சு. அப்பா கண்ணைத் துடைச்சுக்கிட்டு நிக்கிறார். ஏமாந்து குறைச்ச விலைக்கு வித்துட்டான்னு ஊரே சிரிச்சது. மடத்துக்குத்தான் மாடு வந்ததுன்னு அப்புறம்தான் தெரிஞ்சது. சாமி மேல எனக்கு வருத்தமில்லை. நடுவில் யாரோ தரகன் துண்டைப் போட்டு ஏமாத்திட்டான். நாச்சிமுத்து மகன் அதிகாரத்துக்கு வந்தா முதல் வேலை அந்தத் துண்டை ஒழிக்கிறதுன்னு அன்னைக்கே நினைச்சேன்.”

அடிகள் துண்டைப் பிழிந்தார். உதறினார். பிறகு அதைத் தன் வலது கையின் மேல் போட்டுக்கொண்டு, கையை நீட்டினார்.

“வா. பேசுவோம்.”

“எதுக்குங்க சாமி?”

“மயிலைக் காளைக்கு. நான்தான் நாச்சிமுத்து. நீ வாங்க வந்த ஆள். நியாயமான விலை எதுவோ அதைச் சொல்லு.”

செங்கோடன் தயங்கினான். தன் சட்டத்தைத் தானே மீறுவதா? இருந்தாலும் கையைத் துண்டுக்கு அடியில் கொடுத்தான். ஐந்து விரலையும் அகல விரித்தான். மயிலைக்கு அதுகூடக் குறைச்சல்தான்.

ஈரத் துணிக்கு அடியில் அடிகளின் கை அவன் விரல்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தது. சுண்டுவிரலுக்கு வந்ததும் நின்றது. அதை மெல்ல மடக்கியது.

செங்கோடன் விரலை மறுபடி நீட்டினான். அது மறுபடி மடக்கப்பட்டது.

“சாமி, விற்கிறவன் எங்கேயாவது விலையைக் குறைப்பானா?”

“அன்னைக்கு நானும் இதையேதான் கேட்டேன்.”

செங்கோடனுக்குச் சட்டென்று விளங்கவில்லை.

“தரகர் யாரும் வரலை செங்கோடா. கிணத்துத் தண்ணியைக் கவலை கட்டி இறைக்க மாடு வேணும்னு நானே போனேன். துண்டு என்னோடது. நான் அஞ்சு விரலையும் நீட்டினேன். உங்கப்பா ஒண்ணை மடக்கினார். நான் நீட்டினேன். மறுபடி மடக்கினார்.”

“ஏன்?”

“மழை தப்பின வருஷம். மடத்தில் புதுசா ஒரு பிள்ளைக்குச் சோறு போட வழியில்லை. அது அவருக்குத் தெரியும். சும்மா சேர்த்துக்கங்கன்னு கேட்க அவருக்கு வாய் வரலை. முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டு, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார். ‘மயிலையைப் பிரிஞ்சு பையன் இருக்க மாட்டானுங்க. அவனும் கூடவே வந்து இருக்கட்டும். நாலு எழுத்துப் படிக்கட்டும். அவன் சோத்துக்கு இந்த விரல் போதுமுங்களா?’”

கிணற்று மேட்டில் கவலை இழுத்து இழுத்துப் பள்ளமான தடம் இன்னும் இருந்தது. அந்தத் தடத்தில் மயிலையின் பின்னால் நடந்துகொண்டேதான் செங்கோடன் பாடம் படித்தான். மாட்டைப் பார்க்கணும் என்று தான் அழுது அடம்பிடித்ததால் அடிகள் இரங்கிச் சேர்த்துக்கொண்டார் என்றே இத்தனை காலமும் நினைத்திருந்தான். அவன் கை இன்னும் துண்டுக்கு அடியிலேயே இருந்தது. சுண்டுவிரலை நீட்ட அவனுக்கு மனம் வரவில்லை.

பொழுது மேற்கே சாய்ந்திருந்தது. சாவடியில் மாட்டை ஓட்டிப் போக அரண்மனை ஆட்கள் வந்திருப்பார்கள்.

“கடைசி வரைக்கும் எங்கப்பா இதைச் சொல்லவே இல்லீங்களே சாமி,” என்றான்.

“சொன்னாரே,” என்றார் அடிகள். “என்கிட்டே சொன்னார். நீ கட்டி வெச்சிருக்கியே, அந்தப் பெரியவரும் யார்கிட்டேயோ சொல்லிக்கிட்டு இருந்தபோதுதான் உன் சேவகன் துண்டை உருவியிருக்கான்.”