வாழையடி வாழையாய் வந்தவள்

சிலம்பாயிக்குக் கல்யாணமாகிப் பத்து வருடம் பிள்ளையில்லை. வாழைத்தோப்புக்குள் இருந்த அம்மனிடம் போய், "வாழையடி வாழையா என் குலம் தழைக்கணும் தாயி" என்று வேண்டினாள். ஊரே வாழ்த்துகிற சொல்தானே என்று நினைத்துவிட்டாள், பாவம். அம்மனோ அதை அப்படியே எடுத்துக்கொண்டது.

அவளுக்கு வயிறு பெருக்கவில்லை. ஒருநாள் உச்சி வெயிலில் தோப்பில் கண்ணயர்ந்து விழித்தபோது, வாழை பக்கக்கன்று விடுவதுபோல அவள் இடுப்போரம் ஒரு பெண் குழந்தை பிரிந்து கிடந்தது. சுருட்டை முடி, ஒட்டிய காது மடல் எல்லாம் அவளுடையவை. அரிவாள் பட்ட நெற்றித் தழும்பு மட்டும் இல்லை. வளர வளரக் குரலும் அவள் குரலே ஆனது. வீட்டின் இரண்டு மூலையிலிருந்து ஒரே இருமல் கேட்டுப் புருஷன் காளத்தி வெலவெலத்துப் போவான். பெயர் வைக்கச் சிரமமே இல்லை, சின்னச் சிலம்பாயி.

அடுத்த வருடம், எல்லாரையும்போல் பத்து மாதம் சுமந்து மருதாயியைப் பெற்றாள். மூக்கு அப்பனுடையது, காது அம்மாவுடையது. சிரிப்பு யாருடையதென்று ஒருவருக்கும் தெரியவில்லை.

பெண்கள் வளர்ந்து ஆளானபோது விஷக்காய்ச்சல் வந்தது. சிலம்பாயியும் காளத்தியும் ஒரே நாளில் படுத்தார்கள். வைத்தியர் இருவருக்கும் ஒரே கஷாயத்தைக் கொடுத்தார். காளத்தி மறுநாள் எழுந்து கஞ்சி குடித்தான். சிலம்பாயி மூன்றாம் நாள் செத்துப்போனாள். "நம்ம குலத்தை அத்துப்போக விட்டுறாதீங்க" என்று சாகுமுன் அவனிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

மறுவருடம் அதே காய்ச்சல் திரும்பி வந்தது. இரண்டு பெண்களும் படுத்தார்கள். மூலிகை கருகிப்போயிருந்ததால் ஒருத்திக்குத்தான் கஷாயம் தேறியது. "பாதி பாதியாக் குடுத்தா யாருக்கும் கேக்காது" என்றார் வைத்தியர்.

காளத்தி கிண்ணத்தோடு நின்றான். அதுவரை அப்பா என்றே கூப்பிட்டு வந்த சின்னச் சிலம்பாயி, செத்த மனைவியின் குரலில் பேசினாள். "என்னங்க, என்னை ரெண்டாந்தடவையும் சாக விடுறீங்களா?"

அந்தக் குரலுக்காக ஒரு வருடமாக அழுதவன் அவன்.

"அவளுக்கே குடுங்கப்பா. அவ முழுசா அம்மா. நான் பாதிதானே" என்றாள் மருதாயி.

சத்தியத்தைக் காப்பாற்ற, காளத்தி யாருக்கு அந்தக் கஷாயத்தைக் கொடுத்திருக்க வேண்டும்?

விடை: மருதாயிக்குத்தான். செல் தன் நாற்பத்தாறு குரோமோசோம்களையும் அப்படியே படியெடுத்து இரண்டாகப் பிரிவது மைட்டாசிஸ். உடம்பு வளரவும் புண் ஆறவும் அது வேண்டும். ஆளையே அப்படிப் படியெடுத்தால் குறையும் கூடவே வரும். தாய்க்குக் கேட்காத கஷாயம் அவள் அச்சுக்கும் கேட்காது. மியாசிஸ் அந்த எண்ணிக்கையைப் பாதியாக்கி, கலைத்துப் போட்டு, முட்டையையும் விந்தையும் தருகிறது. இரண்டு பாதிகள் சேர்ந்தால் புது ஆள். மருதாயியின் மறுபாதி, அதே கஷாயத்தில் பிழைத்த காளத்தி. அவள் பிழைப்பாள் என்று உறுதியில்லை, ஆனால் வழி அவளுக்கு மட்டுமே இருந்தது. காளத்தி அவளுக்கே கொடுத்தான், அவளும் பிழைத்தாள். பிறகு மற்றவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தான். மூன்றாம் நாள்வரை அவள் கையை விடவில்லை.