நசுங்காத எலுமிச்சம்பழம்

மலையிறங்கும் வண்டிக்குப் பிரேக்குதான் குலசாமி. ஏலத்தோட்டத்துக்குப் பெண்களை ஏற்றிப்போகும் ஒச்சம்மாவின் வேனுக்கோ, பிரேக்கில் கோளாறு, இலவசமாக மாற்றித் தருகிறோம் என்று கம்பெனியே செய்தி அனுப்பியிருந்தது. போய்க் கேட்டால், ஷோரூம் மேனேஜர் ரகுநந்தன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"பார்ட்ஸ் வரலைம்மா. ஒண்ணும் ஆகாது, தைரியமா ஓட்டுங்க."

இதே வார்த்தையை நம்பி, இதே மாதிரி வண்டியில் போன அவள் தம்பி மொக்கராசுவைப் பள்ளத்திலிருந்துதான் தூக்கி வந்தார்கள். காரியம் முடிந்து மாதம்கூட ஆகவில்லை.

வாசலில் யாரோ வாங்கிய புது வண்டிக்குப் பூசை நடந்தது. டயரில் நசுக்க வைத்திருந்த எலுமிச்சம்பழங்களில் ஒன்றைக் கேட்டு வாங்கிய ஒச்சம்மா, அதை ரோட்டிலிருந்து ஷோரூமுக்கு இறங்கும் சரிவு முடியும் இடத்தில், கண்ணாடிக் கதவோரம் வைத்தாள். மேனேஜரிடம் வேன் சாவியை நீட்டினாள்.

"மேட்டுல இருந்து நீங்களே ஓட்டிட்டு வாங்க சார். பழம் நசுங்காம நிப்பாட்டிட்டா, நான் பேசாமப் போயிர்றேன்."

பூசைக்கு வந்தவர்கள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு கதவைவிட்டு விலகினார்கள். ரகுநந்தன் சாவியைத் தொடவில்லை. மெக்கானிக்கைப் பார்த்து, "அந்தப் பார்ட்ஸை எடுத்து மாட்டிவிடுப்பா" என்று முனகினார்.

வரவேயில்லை என்ற பார்ட்ஸ் பின்கட்டிலிருந்து வந்தது.

சாயங்காலம் அந்தப் பழத்தைத் தம்பியின் குழிமேட்டில் வைத்தாள் ஒச்சம்மா.

"இது தப்பிச்சிருச்சுடா" என்றாள்.