வெயிலில் வைத்த திரைகள்

காங்கயம் பக்கத்து மடம் ஒன்றில் ஏகாம்பரம் என்றொரு சீடர். தொலைபேசி இலாகாவில் ஓய்வு பெற்ற பிறகு வந்து சேர்ந்தவர். குரு மங்கையர்க்கரசி அம்மை அவரைவிட வயதில் இளையவர்தான். ஆனாலும் அம்மை ஒரு தும்மல் போட்டால் மனுஷனுக்குச் சோறு இறங்காது.

அம்மைக்குக் கண்ணில் கோளாறு. புத்தகத்தின் பொடி எழுத்து தெரியவில்லை. செல்போனில் பெரிதாக்கிப் படித்தால் அதன் வெளிச்சம் குத்தி, கண்ணில் தண்ணீர் கொட்டியது. படிக்காமல் ஒருநாளும் இருக்கமாட்டாதவர், மாதக்கணக்கில் ஒரு வரி படிக்கவில்லை. தானாக ஒளி வீசாத திரை உண்டு என்று யாரோ சொன்னதுமே ஏகாம்பரம் கோயம்புத்தூருக்குப் பஸ் ஏறிவிட்டார்.

திரும்பி வந்தவர் புத்தகம் படிக்கும் கருவிகள் மூன்றை அம்மை முன்னால் வைத்தார். முகம் வாடிப் போயிருந்தது.

“வேண்டாததைத் திருப்பிக் குடுத்தரலாமுங்க. ஆனா எதை வெச்சுக்கறதுன்னுதான் தெரியலீங்க அம்மை. வெளிச்சம் போடாத திரைன்னு கேட்டா, ஒரு கடையில இ-இங்க்ங்கறான், அடுத்த கடையில இ-பேப்பர்ங்கறான், இன்னொருத்தன் பேப்பர் டிஸ்ப்ளேங்கறான். இ-பேப்பர்னு அட்டையில போட்டிருக்கறதை விசாரிச்சா, உள்ளே இருக்கறது விளக்கில்லாத எல்சிடிங்கறான். தப்பானதைக் குடுத்து உங்க கண்ணு போயிருச்சுன்னா நான் என்ன பண்ணுவனுங்க?”

கேட்டுவிட்டு அட்டைப்பெட்டிகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

அம்மை மூன்றையும் எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போனார். நல்ல உச்சி வெயில். கிணற்று மேடையில் வைத்தார். பேப்பர் டிஸ்ப்ளேயில் எழுத்து மங்கி மறைந்தே போனது. மற்ற இரண்டிலும் பளிச்சென்று தெரிந்தது.

“அட, வெயில்ல மங்குதுன்னா இதுக்குள்ளே விளக்கல்லவா எரியுது!” என்றார் ஏகாம்பரம்.

அம்மை அதை ஓரமாகத் தள்ளினார். மற்ற இரண்டையும் மாறி மாறிப் பார்த்து, கண்ணுக்கு இதமாக இருந்ததை மடியில் வைத்துக்கொண்டு படிக்க ஆரம்பித்தார். உதடு மெல்ல அசைந்தது. கண்ணில் தண்ணீர் வரவில்லை.

ஏகாம்பரத்துக்குத்தான் வந்தது. அத்தனை சந்தோஷம். ஆனால் அவரால் சும்மா இருக்க முடியுமா?

“அம்மை, அது இ-இங்க்கா, எல்சிடியாங்க? ரெண்டு அட்டையிலயும் இ-பேப்பர்னுதான் போட்டிருக்கான். எல்லாத்துக்கும் ஒரே பேரை வெச்சா எப்படிங்க கண்டுபுடிக்கறது?”

அம்மை தலையைத் தூக்காமல், “சாமி!” என்று குரல் கொடுத்தார்.

அந்த மடத்தில் எல்லோருக்கும் எல்லோரும் சாமிதான். அடுப்படியிலிருந்து ஒருவர் கரண்டியோடு எட்டிப் பார்த்தார். தொழுவத்திலிருந்து ஒருவர் ஓடி வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த ஊர்க்காரரும் திரும்பினார்.

ஏகாம்பரம் குழம்பிப் போனார். “இத்தனை பேர் திரும்பிட்டாங்க. நீங்க எந்தச் சாமியைக் கூப்பிட்டீங்க அம்மை?”

அம்மை சிரித்தார்.

“என் கண்ணுக்காகக் கடை கடையா ஏறி இறங்குன சாமியை. உக்காருங்க. படிக்கறேன், கேளுங்க.”