இடம் நீர்மட்டம் செயல்

லிஸ்ப் என்கிற கணினி மொழியைச் சொல்லிக்கொடுத்து வயிறு வளர்ப்பவர்கள் நம் பக்கத்தில் அபூர்வம். அங்கயற்கண்ணி அப்படி ஒருவர். மாவு மில்லுக்கு மேல் மாடியில் ஒரு அறை, இரண்டு பழைய கணினி, மில் ஓடும்போதெல்லாம் காலடியில் ஒரு நடுக்கம். அவருடைய குருகுலம் அவ்வளவுதான்.

சீடர் சிதம்பரநாதன் குருவைவிட வயதில் மூத்தவர். அணைக் கண்காணிப்பு அலுவலகத்தில் உத்தியோகம். தலை நரைத்த பிறகு படிக்க வந்து, சொன்னதையெல்லாம் ஒரு எழுத்துப் பிசகாமல் மனப்பாடம் செய்தவர். எனக்கு அவரைப் பிடிக்காது. அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

படிப்பை முடித்துப் போய் வெகுகாலம் கழித்து, ஒரு மத்தியானம் அவர் மாடி ஏறி வந்தார். கையில் ஒரு பை நிறைய ஆப்பிள்.

"மேடம், ஒரு சந்தேகம்."

"கேளுங்க."

"லிஸ்ப்ல மேற்கோள் குறியை எங்க போடணும், எங்க போடக் கூடாது?"

"முதல் வாரமே சொல்லிக் குடுத்தேனே."

"குடுத்தீங்க. இருந்தாலும் இன்னொரு தடவை உங்க வாயால கேட்டாத் தேவலை."

அங்கயற்கண்ணி அவர் முகத்தைப் பார்த்தார். தெரிந்த பாடத்தைக் கேட்க யாரும் பழம் வாங்கிக்கொண்டு வருவதில்லை.

"நீங்களே சொல்லுங்க, பார்ப்போம்."

சிதம்பரநாதன் வகுப்பில் ஒப்பிப்பது போலவே ஒப்பித்தார். "டப்பா மேல சர்க்கரைன்னு எழுதி ஒட்டியிருக்கு. அந்தப் பேரை மெஷின்கிட்டச் சொன்னா, டப்பாவைத் திறந்து உள்ள இருக்கறதைக் குடுக்கும். பேருக்கு முன்னாடி ஒரு மேற்கோள் போட்டாத் திறக்காது. சர்க்கரைங்கற பேரை மட்டும் அப்படியே திருப்பிக் குடுக்கும்."

"சரியாத்தான் இருக்கு. வந்த விஷயத்தைச் சொல்லுங்க."

கீழே மில் நின்றது. அதற்காகவே காத்திருந்தவர் போல அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"வெள்ள எச்சரிக்கை புரோகிராம் நான் எழுதினது மேடம். மதகு திறந்தா, கீழ்க்கரையில இருக்கற எங்க ஆபீஸ் காவலருக்கு மெசேஜ் போகணும். எந்த இடம், தண்ணி எவ்வளவு, அவர் என்ன செய்யணும்னு மூணு விவரம். மூணு டப்பாப் பேரையும் ஒரே வரியில எழுதி, வரிக்கு முன்னாடி..."

"மேற்கோள் போட்டுட்டீங்க."

"ஆமா."

"அப்போ எதுவும் திறந்திருக்காது. என்ன மெசேஜ் போச்சு?"

"இடம், நீர்மட்டம், செயல்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

கீழ்க்கரைச் செங்கல் சூளையில் நடந்தது ஊருக்கே தெரியும். சாப்பாட்டு நேரத்தில் தண்ணீர் வந்தது. சோற்றுத் தட்டோடு உட்கார்ந்திருந்த புருஷனையும் பெண்டாட்டியையும் அடித்துக்கொண்டு போனது. எச்சரிக்கை வந்தும் சும்மா இருந்தான் என்று ஊர்க்காரர்கள் காவலரின் வீட்டை அடித்து நொறுக்கினார்கள். அலுவலகம் அவரை இடைநீக்கம் செய்தது.

"எழுதினப்போ ஓட்டிப் பார்க்கலையா?"

"பார்த்தேன் மேடம். என் போனுக்கு அனுப்பிப் பார்த்தேன். டிங்குன்னு சத்தம் வந்தது. வந்துடுச்சுன்னு விட்டுட்டேன்."

"படிக்கலை."

"படிக்கலை."

"இப்போ புரோகிராம்ல அந்த மேற்கோள் இருக்கா?"

"மறுநாளே எடுத்துட்டேன். யாருக்கும் தெரியாது. அவர் போனும் வெள்ளத்துல போயிடுச்சு." சிதம்பரநாதன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நாளைக்கு விசாரணை. அவர் பேரில் தப்புன்னு முடிவானா வேலை போயிடும், போலீஸ் கேஸும் ஆகும். ராத்திரியெல்லாம் தூக்கம் இல்ல மேடம். எனக்கு அவ்வளவு வருத்தம்."

அங்கயற்கண்ணி கணினியைத் தன் பக்கம் திருப்பினார். ஒரு மேற்கோள் போட்டு, அடுத்து 'வருத்தம்' என்று தட்டினார்.

'வருத்தம்' என்று திரையில் வந்தது.

"நல்லாச் சொல்லுது, இல்ல?"

அங்கயற்கண்ணி மேற்கோளை அழித்துவிட்டு மறுபடி அதே சொல்லைத் தட்டினார். திரையில் சிவப்பாக ஒரு வரி வந்தது. அப்படி ஒரு பெயருக்குள் எதுவும் வைக்கப்படவில்லை என்று இயந்திரம் சொன்னது.

"குத்திக் காட்டாதீங்க மேடம்."

"நான் எங்க குத்தினேன்? உள்ள என்ன இருக்குன்னு மெஷின் கேக்குது." கணினியை அணைத்தார். "அந்தக் காவலர் பேர் என்ன?"

சிதம்பரநாதன் யோசித்தார். "ரிப்போர்ட்ல எல்லா இடத்துலயும் காவலர்னுதான் இருக்கு."

"நாளைக்கு அவர் உங்க எதிர்ல நிப்பார். மேற்கோளை எடுத்துட்டுப் பேசுங்க. பழத்தை எடுத்துட்டுப் போங்க."

மறுநாள் விசாரணை நடந்த கூடத்தில் கடைசி வரிசையில் அங்கயற்கண்ணி உட்கார்ந்திருந்தார்.

"உத்தண்டி!" என்று சிப்பந்தி கூப்பிட்டான். யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று சிதம்பரநாதன் நிமிராமல் இருந்தார். நரைத்த மீசையும் தைத்துப் போட்ட செருப்புமாக ஒருவர் முன்னால் வந்து நின்ற பிறகுதான், காவலருக்கு ஒரு பெயர் இருப்பது அவருக்குத் தெரிந்தது.

"மெசேஜ் வந்ததா?" என்று அதிகாரி கேட்டார்.

"வந்துச்சுங்கய்யா."

"வந்தும் சும்மா இருந்திருக்க."

"இடம் நீர்மட்டம் செயல்னு வந்துச்சுங்கய்யா. எந்த எடம்னு இல்ல, எவ்வளவு தண்ணின்னு இல்ல, நான் என்ன செய்யணும்னு இல்ல. ஆபீசுல யாரோ சும்மா அனுப்பிப் பாக்குறாங்கன்னு நெனச்சேன்."

கூடத்தில் சிரித்தார்கள். அதிகாரியும் சிரித்தார். எனக்கு இன்று நினைத்தாலும் ஆத்திரம் வருகிறது. அந்த மனிதர் உள்ளதை உள்ளபடி சொன்னார். அதற்குத்தான் சிரித்தார்கள்.

"நல்லாத்தான் கதை கட்டுற" என்றார் அதிகாரி. பிறகு சிதம்பரநாதன் பக்கம் திரும்பினார்.

"எச்சரிக்கை அனுப்பப்பட்டதா?"

சிதம்பரநாதன் எழுந்தார். உத்தண்டி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். படித்த மனிதர், எப்படியும் சொல்லிவிடுவார் என்கிற நம்பிக்கை அந்த முகத்தில் இருந்தது.

"அனுப்பப்பட்டது, ஐயா."

"உரிய நேரத்தில்?"

"உரிய நேரத்தில், ஐயா."

"போய்ச் சேர்ந்ததா?"

"சேர்ந்தது, ஐயா."

கடைசி வரிசையில் அங்கயற்கண்ணி எழுந்தார். "எச்சரிக்கையில என்ன இருந்ததுன்னு அவரைக் கேளுங்க ஐயா."

"நீங்க யாரும்மா?"

"அவருக்குச் சொல்லிக் குடுத்தவ."

"வெளியாள் பேசக் கூடாது. வெளியே இருங்க."

சிப்பந்தி கதவைத் திறந்துவிட்டான். போகும்போது அவர் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். சிதம்பரநாதன் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மேற்கொண்டு அவரை யாரும் எதுவும் கேட்கவில்லை.

சாப்பாட்டு நேரத்துக்கு முன்பே எல்லாம் முடிந்துவிட்டது. உத்தண்டி வெளியே வந்தார். இரண்டு பக்கமும் போலீஸ். வராந்தாவில் நின்ற அங்கயற்கண்ணியிடம், "நெசமாவே அப்படித்தாம்மா வந்துச்சு" என்றார்.

"தெரியும்யா" என்றார் அவர்.

ஜீப் போன பிறகு சிதம்பரநாதன் வந்தார். கண்கள் சிவந்திருந்தன. அழுதிருப்பார் போலிருக்கிறது. அழுதால் மட்டும்?

"நான் ஒரு பொய்கூடச் சொல்லலை மேடம்."

"ஆமா."

"கேட்டதுக்குத்தான் பதில் சொன்னேன். எச்சரிக்கை போச்சான்னு கேட்டாங்க, போச்சுன்னேன். வேற என்ன சொல்ல முடியும்? எனக்கும் குடும்பம் இருக்கு."

அங்கயற்கண்ணி செருப்பை மாட்டிக்கொண்டார்.

"மனசே சரியில்ல. அடுத்த வாரத்துலேர்ந்து மறுபடி கிளாஸுக்கு வரட்டுமா மேடம்? எல்லாத்தையும் முதல்லேர்ந்து படிக்கணும்."

"வேண்டாம்."

"ஏன் மேடம்?"

"மேற்கோளை எங்க போடணும்னு கேட்டீங்க இல்ல? இன்னிக்கு அத்தனை பேர் முன்னாடி எச்சரிக்கைங்கற பேருக்கு அழகாப் போட்டீங்க. இனிமே உங்களுக்குச் சொல்லிக்குடுக்க எங்கிட்ட எதுவும் இல்ல."