சுவர்மேல் வைத்த இட்லி

மதுரையில் ஒரு குறுகலான தெரு. அங்கே இட்லி வண்டி தள்ளிப் பிழைப்பவள் செண்பகம். எதிர்வீட்டில் ரிட்டையர்டு டி.எஸ்.பி. அருணகிரி. அவருக்கு இரண்டு கார். ஒன்று அவர் வீட்டுக்குள் நிற்கும். இன்னொன்றைச் செண்பகத்தின் சுவரை ஒட்டி, அவள் வாசலில் பாதியை மறித்து நிறுத்திவிடுவார். தினமும் வண்டியைச் சாய்த்து இழுத்ததில் பாதி சாம்பார் தரையில் கொட்டியது. கேட்கப் போனாள்.

“தெரு என்ன ஒங்கப்பன் வீட்டுச் சொத்தா? பொது எடம்” என்றார்.

மறுநாளிலிருந்து செண்பகம் கார் நிற்கும் இடத்தில் சுவர்மேல் இட்லியைப் பிட்டு வைத்தாள். ஊர்க் காக்காயெல்லாம் அங்கே கூடியது. கறுப்புக் கார் வெள்ளைக் கார் ஆனது.

“காக்காய விரட்டு” என்று குதித்தார்.

“காக்காயும் பொதுதானேங்கய்யா” என்றாள்.

காருக்கு உறை போட்டாரே தவிர, நகர்த்தவில்லை.

ஆடி அமாவாசை வந்தது. அப்பாவுக்குப் படைத்த சோற்றைக் காக்காய் எடுக்காமல் அருணகிரி வீட்டில் யாரும் சாப்பிடக் கூடாது. மொட்டை மாடியில் நின்று தொண்டை வறளக் கூப்பிட்டார். ஒன்றுகூட வரவில்லை. எல்லாம் செண்பகத்தின் சுவரில் இட்லி தின்றுகொண்டிருந்தன. பசியில் சொந்தக்காரர்கள் முறைக்க, இலையோடு இறங்கி வந்தார். நடுவில் கார் நின்றதால் சுவர் எட்டவில்லை.

“சுவரு எங்கப்பன் வீட்டுச் சொத்துதாங்கய்யா. ஒங்கப்பாரு சாப்பிடத் தாராளமா வைங்க” என்றாள் செண்பகம். “காரை மட்டும் எடுத்துருங்க.”

எடுத்தார். இலையை வைத்ததும் காக்காய் கொத்தியது.

அப்புறம் அந்தக் கார் அங்கே நிற்கவே இல்லை. அமாவாசை மாதாமாதம் வருமே.